செவ்வாய்க்கிழமைக்குத் தைத்த கோட்டுகள்

இடது கைப் பெருவிரல் துணியின் விளிம்பை அழுத்திப் பிடித்திருந்தது. வலது கை நடுவிரலில் அங்குஸ்தான். விரலை ஊசி குத்தாமல் காக்கும் சின்ன இரும்புக் குப்பி. அது ஊசியின் தலையைத் தள்ள, ஊசி கருநீலத் துணிக்குள் மூழ்கி, கொஞ்சம் தள்ளி எழுந்து, மறுபடி மூழ்கியது. நூல் வெள்ளை. கருநீலத்தில் வெள்ளை நூல் பளிச்சென்று தெரிந்தது, தெரியத்தான் வேண்டும். இது கச்சாத் தையல். ஆள் போட்டுப் பார்த்த பிறகு உருவிப் போட்டுவிடுவது.

கோட்டின் கையை உடம்போடு சேர்க்கிற இடத்துக்கு வந்ததும் விரல்கள் நின்றன. சட்டைக்குக் கை வைப்பதில் பெரிய யோசனை ஒன்றும் கிடையாது. கோட்டு அப்படி இல்லை. ஆளே இல்லாமல் ஆணியில் மாட்டிவைத்தாலும், உள்ளே ஒரு கை இருப்பது போல் வளைந்து தொங்கும். அது முன்னால் சாய்ந்து தொங்க வேண்டுமா, நேராகத் தொங்க வேண்டுமா என்பதைத் தைப்பவர்தான் முடிவு செய்தாக வேண்டும். அதற்கு ஒரே வழி, போடப்போகிறவரின் கையைப் பார்ப்பது.

“கயலு, வேலைக்குப் போனா கை எப்டிமா இருக்கும்? செஞ்சு காட்டு.”

கயல் முழங்கைகளை மடக்கிக் காற்றில் டைப் அடித்துக் காட்டினாள்.

“எனக்கும் அதே ஆன்ட்டி. டிட்டோ” என்றாள் பக்கத்தில் முறைக்கு நின்ற ஸ்வர்ணலதா.

“எல்லாரும் டைப் அடிக்கத்தான் நாலு வருசம் படிச்சீங்களா? நான் ஆறு மாசத்துல லோயர் பாஸ் பண்ணிட்டேனே!”

பெண்கள் இருவரும் சிரித்தார்கள். கேட்டவர் சிரிக்கவில்லை. அவருக்கு உண்மையாகவே தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

அவர் பெயர் அன்வரி பேகம். ராயப்பேட்டையில், ஜாம் பஜாருக்குப் போகும் சந்து ஒன்றில், முதல் மாடி வீட்டின் முன்னறைதான் கடை. பெயர்ப்பலகை இல்லை. கீழே இருக்கும் கோழிக்கறிக் கடையில் கேட்டால், “மேல போங்க, கோட்டு தெக்கிற அம்மாதானே?” என்று கை காட்டுவார்கள்.

இளவயதில் அவர் தையலைப் பற்றி நினைத்ததே இல்லை. டெலிபோன் ஆபரேட்டர் ஆக வேண்டும் என்று ஆசை. எதிர் வீட்டுப் பெண் ஒருத்தி காதில் கருவியை மாட்டிக்கொண்டு, முகம் தெரியாத ஆட்களை ஊர் ஊராக இணைத்துவிடும் வேலையில் இருந்தாள். அதற்காகத்தான் டைப்பிங் கற்றார், ஆங்கிலம் பேசிப் பழகினார். அவர் தயாராகி முடித்தபோது அந்த வேலையே உலகத்தில் இல்லாமல் போயிருந்தது. இதை அவர் வருத்தமாகச் சொல்வதில்லை. “நான் ரெடி, வேலை ரெடி இல்ல” என்று சிரித்துவிடுவார்.

கல்யாணம் ஆனது தையற்காரர் வீட்டில். கணவர் ஹபீபுர் ரஹ்மான் தி. நகரில் ஒரு பெரிய ஜவுளிக் கடையில் கோட்டு வெட்டுகிறவர். பொத்தான் துளைக்குக் காஜா எடுப்பது, லைனிங்கை மடித்துக் கட்டுவது போன்ற கைவேலைகளை வீட்டுக்குக் கொண்டுவருவார், அன்வரி செய்வார். வெட்டுவதை யாரும் அவருக்குச் சொல்லித் தரவில்லை. யாரோ வேண்டாமென்று விட்டுப்போன பழைய கோட்டு ஒன்றை ஒரு மத்தியான வேளையில் உட்கார்ந்து பிரித்தார், உள்ளே என்னதான் இருக்கிறது என்று பார்க்க. மார்புக்குள் குதிரை முடி கலந்த கேன்வாஸ், தோளுக்குள் பஞ்சு, காலருக்குள் கண்ணுக்கே தெரியாத நூற்றுக்கணக்கான குத்தல்கள். பிரித்தது ஒரு மத்தியானம். திரும்பச் சேர்க்க ஒரு வருஷம் ஆனது. சேர்த்து முடித்தபோது அவருக்குக் கோட்டு வெட்டத் தெரிந்திருந்தது.

மகள் சிம்ரா எலெக்ட்ரிக்கல் இன்ஜினியரிங் கடைசி வருஷம். கல்லூரிக்கு வேலை கொடுக்கக் கம்பெனிகள் வரத் தொடங்கும் பருவத்தில் பையன்கள் கூட்டமாகப் போய் ரெடிமேட் கோட்டு வாங்கிவிடுகிறார்கள். பெண்களுக்கு அது சரியாக அமைவதில்லை. தோள் சரியாக இருந்தால் இடுப்பு சாக்குப் பை மாதிரி நிற்கும். ஆண் தையற்காரரிடம் அளவு கொடுக்கவும் பலருக்குக் கூச்சம். “எங்க அம்மியே தெப்பாங்க” என்று சிம்ரா வகுப்பில் ஒரு வார்த்தை சொன்னாள். அந்த வாரமே ஆறு பெண்கள் படியேறி வந்துவிட்டார்கள்.

வந்தவர்களிடமெல்லாம் அன்வரி ஒரே கேள்வியைத்தான் கேட்டார். என்ன வேலை? பதில்கள் தாராளமாக வந்தன. சென்னையிலேயே கிடைத்தால் நல்லது, பெங்களூரானாலும் பரவாயில்லை. வீட்டு வாசலுக்கே வண்டி வரும். ஆபீஸ் முழுக்க ஏசி. இரண்டு வருஷத்தில் வெளிநாடு.

“அதெல்லாம் சரிமா. காலைல போய் உக்காந்ததும் மொதல்ல இன்னா செய்வே?”

“லாகின் பண்ணுவோம் ஆன்ட்டி” என்றாள் ஸ்வர்ணலதா.

“அப்புறம்?”

ஸ்வர்ணலதா யோசித்தாள். “அப்புறம்… காபி.”

கயல் குனிந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். “சத்தியமா எனக்கும் தெரியாது ஆன்ட்டி. போனாதான் சொல்லுவாங்களாம். மூணு மாசம் டிரெய்னிங் குடுத்து, எந்த டீம்ல போடுறாங்களோ அதான் வேலை.”

“தெரியாமலேவா ஒத்துக்கினீங்க?”

“எனக்கு வேலை வேணும் ஆன்ட்டி. எந்த வேலைன்னு அப்பால பாத்துக்கலாம்.”

கயல் அதை விளையாட்டாகச் சொல்லவில்லை. அடையாற்றங்கரையில் இருந்த அவர்கள் குடியிருப்பை எடுத்துவிட்டுப் பெரும்பாக்கத்தில் வீடு கொடுத்திருந்தார்கள். அவள் அம்மா இன்றும் இரண்டு பஸ் மாறி அடையாறுக்கே வந்து வீட்டு வேலை செய்துவிட்டுப் போகிறாள். அந்த ஓட்டம் நிற்க வேண்டும் என்பதுதான் கயலின் கணக்கு. அன்வரி அதற்கு மேல் கேட்கவில்லை. கோட்டின் கையை முன்பக்கமாகச் சாய்த்து ஊசி போட்டார். நாள் முழுக்க டைப் அடிக்கும் கை முன்னால்தானே இருக்கும்? ஆறு கோட்டுக்கும் அப்படியே வைத்தார்.

ஏழாவது துணி அலமாரியில் மடித்தபடியே கிடந்தது. அது சிம்ராவுக்கு. கடையில் வெட்டியது போக மிஞ்சிய நல்ல துணியாகப் பார்த்து ஹபீபுர் ரஹ்மான் எடுத்து வந்திருந்தார். அளவெடுக்கக் கூப்பிட்டபோதெல்லாம் சிம்ராவுக்கு ஏதாவது ஒரு வேலை இருந்தது.

“இன்னாடி ஒளிஞ்சுக்கினே இருக்கே? உனக்குக் கோட்டு வேணாமா?”

“வேணும் அம்மி. எதுக்குன்னுதான் தெரியல.”

பிறகு விஷயத்தைச் சொன்னாள். வருகிற செவ்வாய்க்கிழமை வருவது பெரிய சாப்ட்வேர் கம்பெனி. கூட்டம் கூட்டமாக எடுப்பார்கள். அவளுக்குக் கட்டாயம் கிடைக்கும். பத்து நாள் கழித்து ஒரு லிப்ட் கம்பெனி வருகிறது. போன வருஷம் அவர்கள் எடுத்தது இரண்டே பேர். அவள் மனசு லிப்ட்டில் இருந்தது. கல்லூரியில் ஒரு சட்டம் உண்டு: ஒருவருக்கு ஒரே வேலை. ஒரு கம்பெனி எடுத்துவிட்டால் அடுத்த கம்பெனியின் தேர்வு அறைக்குள் காலே வைக்க முடியாது. அதனால் செவ்வாய்க்கிழமை உட்கார்ந்தால் லிப்ட் போச்சு. உட்காராவிட்டால் இதுவும் போய் அதுவும் போகலாம். திங்கள் மதியத்துக்குள் பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிட வேண்டும். பெயர் இருந்து ஆள் வராவிட்டால் இனி எந்தக் கம்பெனிக்கும் விட மாட்டார்கள்.

“உங்க அப்பாகிட்ட சொன்னியா?”

“நீ சொல்லேன் அம்மி.”

அன்வரியும் சொல்லவில்லை. செவ்வாய்க்கிழமை சிம்ராவுக்கு வேலை கிடைத்துவிடும் என்று ஹபீபுர் ரஹ்மான் கடையில் பில் போடும் பையன் வரைக்கும் சொல்லி முடித்திருந்தார்.

வியாழக்கிழமை கயல் முடிந்த கோட்டை எடுத்துப்போக வந்தாள். போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்றாள். இரண்டு தோள்களையும் பின்னுக்கு இழுத்து, கைகளை உடம்போடு ஒட்டித் தொங்கவிட்டு, தாடையைக் கொஞ்சம் தூக்கினாள். கோட்டின் கைகள் தோளுக்குக் கீழே முன்பக்கம் முழுக்கச் சுருக்கம் சுருக்கமாகக் கிளம்பின.

அன்வரி சுருக்கத்தை விரலால் நீவிப் பார்த்தார். “ஏன் இப்டி வெறப்பா நிக்கிறே? வேலைல நிக்கிற மாதிரி… டைப் அடிக்கிற மாதிரி வெச்சிக்கோ.”

கயல் முழங்கையை மடக்கினாள். சுருக்கம் மறைந்து கை அழகாக விழுந்தது.

“பாத்தியா!”

“ஆன்ட்டி,” கயல் தயங்கினாள். “வேலைல யாரும் கோட்டு போட மாட்டாங்க. டீ ஷர்ட்டுதான். இது இன்டர்வியூக்கு மட்டும். கதவைத் திறந்துக்கினு உள்ள போறப்போ இப்டித்தான் நிக்கணும்னு சொல்லிக் குடுத்துகீறாங்க.”

“அந்த ஒரு நாளைக்கு மட்டுமா?”

“ஒரு நாள் கூட இல்ல ஆன்ட்டி. கால் மணி நேரம்.”

அன்வரி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். ஹபீபுர் ரஹ்மான் வெட்டுகிற கோட்டுகளைப் போடும் மனிதர்கள், கோர்ட்டிலும் ஹோட்டலிலும் நாள் முழுக்க அதிலேயே நிற்பவர்கள். வேலைக்கான கோட்டு என்றால் வேலையில் போடுவது என்றுதான் அவர் அறிந்திருந்தார். கால் மணி நேரத்துக்கு ஒரு கோட்டு உண்டு என்பது அவர் யோசனையிலேயே வரவில்லை. வேலையின் கைக்குத் தைத்துவிட்டார். அவர்களுக்கு வேண்டியது வேலை கேட்கும் கைக்கு.

“ஆறையும் பிரிக்கணும்” என்றார்.

அன்று சாயங்காலமே ஆறு கோட்டுகளின் பன்னிரண்டு கைகளும் பிரிய ஆரம்பித்தன. சிம்ரா கூட உட்கார்ந்து பிளேடு முனையால் நூலை வெட்டி வெட்டி உருவினாள். தையல் தெரியாதவளுக்கும் பிரிக்கத் தெரியும். அன்வரி ஒவ்வொரு கையையும் கொஞ்சம் பின்னால் திருப்பி, புதிதாக ஊசி குத்தி வைத்தார். லைனிங் நூல் தீர்ந்தது.

நூலும் தோள் பஞ்சும் வாங்கச் சனிக்கிழமை இருவரும் தி. நகர் போனார்கள். வாங்கி முடித்ததும் சிம்ரா, “ஒரு நிமிசம் வா அம்மி” என்று அப்பா வேலை செய்யும் கடைக்குள் இழுத்துப் போனாள். அப்பாவைப் பார்க்க அல்ல. லிப்ட்டைப் பார்க்க.

லிப்ட்டுக்குள் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தவர் கணேசமூர்த்தி. சிம்ராவைச் சின்ன வயசிலிருந்து தெரியும்.

“வா பாப்பா. பாயம்மாவும் வந்துகீறாங்களா! எந்த மாடி?”

“எந்த மாடியும் இல்ல மாமா. சும்மா நிப்பாட்டி வையுங்க. அம்மி, நீ மேல பாக்காத, கீழ பாரு. லிப்ட் தரையும் வெளித் தரையும் சேர்ற இடம்.”

அன்வரி பார்த்தார். இரண்டு தரையும், ஒட்டுப்போட்டது தெரியாத தையல் மாதிரி சமமாக இருந்தன. அப்போது கல்யாண ஜவுளி எடுத்த குடும்பம் ஒன்று பெரிய பைகளோடு திபுதிபுவென்று உள்ளே ஏறியது. லிப்ட் தரை ஒரு நூல் அளவு கீழே இறங்கியது. அவர் கண்ணெதிரே, யாரும் எந்தப் பொத்தானையும் தொடாமல், அது மெல்ல எழுந்து மறுபடி சமமாக நின்றது.

“கனம் ஏறிச்சா, கயிறு இழுபட்டு எறங்கிச்சு. அதுவே கண்டுபிடிச்சு ஏறிக்கிச்சு பாத்தியா?” என்றாள் சிம்ரா.

“அதுக்கு யாரு சொன்னாங்க?”

“அந்த ‘யாரு சொன்னாங்க’தான் அம்மி என் புராஜெக்ட்டே.”

“பாப்பா வந்தா இதே ரோதனைதான்” என்றார் கணேசமூர்த்தி கூட்டத்தைப் பார்த்து. “ஊரே மேல போய்ப் பட்டுப் பொடவை பாக்குது, இது தரையைப் பாத்துக்கினு நிக்குது.”

அன்வரி இறங்கவில்லை. மூன்று தடவை மேலே போய் வந்தார். ஒவ்வொரு தளத்திலும் குனிந்து பார்த்தார். கடைசியில் இரண்டு தரைக்கும் நடுவே விரலை வைத்துத் தடவிப் பார்க்கப் போனவரை, “அய்ய, கையை எடு பாயம்மா! ஆத்தாளும் மவளும் என் வேலைக்கே உலை வெச்சிடுவீங்க போலக் கீதே!” என்று கணேசமூர்த்தி விரட்டினார்.

வெளியே வந்து கரும்புச் சாறு குடிக்கும்போது அன்வரி கேட்டார். “அந்த வேலைல கை எப்டிடி இருக்கும்?”

சிம்ரா டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கி, முகத்தை அண்ணாந்து காட்டினாள். “லிப்ட்டோட கூரை மேல ஏறி நிக்கணும். மேல இருக்கிறதையெல்லாம் இப்டித்தான் பாக்கணும். இன்டர்வியூவே அப்டித்தானாம். ஈக்காட்டுத்தாங்கல்ல அவங்க ஒர்க்‌ஷாப்புக்குக் கூட்டிப் போயி, செஞ்சு காட்டுன்னு சொல்வாங்க. போன வருசம் சீனியர் ஒருத்தர் கோட்டோட கை தூக்கினாரு, தோள்ல டர்ருன்னு கிழிஞ்சிருச்சு.”

“அவருக்கு வேலை கிடைச்சுதா?”

“கிடைச்சுது.”

“ரெடிமேடா கோட்டு?”

“அம்மி!”

“பயமா இல்லியாடி, அவ்ளோ மேல?”

“பயம்தான். ஆனா தெரிஞ்சுக்கணும்னு இருக்கு.”

முப்பது வருஷத்துக்கு முன் ஒரு கோட்டைப் பிரித்துப் போட்டபோது மாமியாரிடம் அன்வரி சொன்னதும் ஏறக்குறைய அதுதான்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஹபீபுர் ரஹ்மான் கடைக்குக் கிளம்பும் முன் டீ குடித்துக்கொண்டிருந்தார். கயல் திருத்திய கோட்டைப் போட்டுப் பார்க்க வந்திருந்தாள். கைகளை ஒட்டித் தொங்கவிட்டு நின்றாள். ஒரு சுருக்கம் இல்லை. அலமாரியில் மடித்திருந்த துணியை அப்போதுதான் அவர் பார்த்தார்.

“இன்னா இது? நாளன்னைக்கு இன்டர்வியூ, சிம்ராவுது இன்னும் வெட்டவே இல்லியா?”

“ஆறையும் பிரிச்சுத் தெச்சதுல நேரம் போயிடுச்சு” என்றார் அன்வரி.

“அதனாலென்ன? கயல் கோட்டைப் போட்டுக்கினு போவட்டும். ரெண்டும் ஒரே ஒடம்புதானே. இவ காலைல, அவ மத்தியானம். இன்னாமா கயலு?”

“தரேன் அங்கிள். அதுக்கு இன்னா” என்றாள் கயல்.

சிம்ரா விரலில் சுற்றியிருந்த நூலை இன்னும் இரண்டு சுற்றுச் சுற்றினாள். கோட்டு இல்லை என்று சொல்லித் தப்பிக்கிற வழியும் அடைபட்டுவிட்டது.

“கோட்டு பிரச்சினை இல்ல அப்பா. செவ்வாய்க்கிழமை நான் உக்காரப் போறதில்ல.”

“உக்காராம? நின்னுக்கினு இருப்பியா?”

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் டீ ஆறும் வரை கேட்டார்.

“கைல வந்து நிக்கிறதை வுட்டுட்டு, ரெண்டே பேரை எடுக்கிறவன் வாசல்ல போய் நிக்கப் போறே. அந்த ரெண்டு பேர்ல நீ இல்லன்னா?”

“இல்லன்னா வேற தேடுவேன்.”

“எங்க தேடுவே? எவ்ளோ நாளு தேடுவே? கடைல ஒவ்வொருத்தனும் கேப்பான், நான் இன்னா சொல்றது? நீயே சொல்லு கயலு, இவ செய்றது நாயமா?”

கயல் கோட்டைக் கழற்றி ஹேங்கரில் மாட்டிவிட்டுத்தான் பேசினாள். “நானா இருந்தா உக்காருவேன் அங்கிள். எனக்கு வேற வழி கிடையாது. ஆனா இவ கிளாஸ்ல புரொபசரையே நிப்பாட்டி லிப்ட் பத்திக் கேள்வி கேக்கறவ. லூசுதான். ஆனா தெரிஞ்சே லூசு.”

“நல்ல சர்டிபிகேட்டு” என்று சொல்லிவிட்டு அவர் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிப் போனார். அன்று முதல் மகளோடு பேச்சில்லை. அன்வரியோடும் சாப்பாடு, சில்லறை, சாவி அளவுக்குத்தான்.

திங்கட்கிழமை மதியம் சிம்ரா போனை அம்மாவிடம் காட்டினாள். திரையில் அவள் பெயரும் பக்கத்தில் ஒரு சிவப்புக் கட்டமும்.

“இதை அமுக்கினா பேரு போயிடும்.”

“திரும்பப் போட முடியுமா?”

“முடியாது.”

வேண்டாம் என்று சொன்னால் மகள் கேட்பாள். அந்தக் கணத்தில் அது அன்வரிக்கு நிச்சயமாகத் தெரிந்தது. சொல்ல வாயெடுத்தார். சிம்ராவின் முகத்தைப் பார்த்தார். முந்தாநாள் லிப்ட் தரை எழுந்து சமமாவதைக் காட்டியபோது அந்த முகம் எப்படி இருந்தது என்று ஞாபகம் வந்தது. வாயை மூடிக்கொண்டார். சிம்ரா அமுக்கினாள்.

அன்வரி அலமாரியிலிருந்து துணியை எடுத்து மேஜையில் விரித்து, இன்ச் டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டார்.

“வா. இப்போ கையைத் தூக்கு.”

செவ்வாய்க்கிழமை ஆறு பெண்களும் சுருக்கமில்லாத கோட்டுகளில் போனார்கள். நான்கு பேருக்குக் கிடைத்தது. கயலுக்குக் கிடைத்தது. இரண்டு நாள் கழித்து அம்மாவையும் அழைத்துக்கொண்டு ஒரு பெட்டி பால்கோவாவோடு வந்தாள். அந்த அம்மாள் கூச்சத்தோடு கோட்டின் காலரைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள்.

“இப்பவாவது தெரிஞ்சுதா, காலைல போய் இன்னா செய்வேன்னு?” என்றார் அன்வரி.

“சீனியர்கிட்ட கேட்டேன் ஆன்ட்டி. டெஸ்டிங்காம். ஒருத்தர் எழுதின புரோகிராமைக் கண்ட மேனிக்கு அமுக்கி, எங்க உடையுதுன்னு பாக்கணும்.”

“கெடுக்கிற வேலையா?”

“கெடுத்துப் பாக்கிற வேலை ஆன்ட்டி. சம்பளம் குடுத்துக் கெடுக்கச் சொல்றாங்க!”

அன்வரிக்கு அது மிகவும் பிடித்துப்போனது. எதை முதலில் உடைப்பார்கள், உடைந்ததை யாரிடம் சொல்வார்கள், சொன்னால் எழுதியவர் கோபிக்க மாட்டாரா என்று கேட்டுக்கொண்டே போனார். கயல் பாதிக்குப் பதில் சொன்னாள். மீதியை, “போய்ப் பாத்துட்டு வந்து சொல்றேன் ஆன்ட்டி” என்றாள். என்றைக்குச் சேர வேண்டும் என்று மட்டும் கம்பெனி இன்னும் சொல்லவில்லையாம், பிறகு சொல்வார்களாம். அது உள்ளறையில் நின்ற ஹபீபுர் ரஹ்மான் காதிலும் விழுந்தது.

சிம்ராவின் கோட்டு லேசில் பிடிபடவில்லை. கையைத் தூக்கினால் கோட்டும் கூடவே தூக்குவது, கை நுழையும் வட்டமான ஆம்ஹோல் அக்குளுக்கு வெகு கீழே இருப்பதால்தான். வட்டத்தை மேலே ஏற்றி வெட்டினால் கை மட்டும் போகும், உடம்பு அசையாது. அன்வரிக்கு இது தெரியும். பெண்கள் கோட்டில் செய்து பார்த்ததில்லை. முதல் ட்ரயலில் அதிகம் ஏற்றிவிட்டார். “கடிக்குது அம்மி” என்றாள் சிம்ரா. இரண்டாவதில் கடிக்கவில்லை; கையை முழுக்கத் தூக்கினால் முதுகு இழுத்தது. அன்வரி ஊசியை வாயில் வைத்துக்கொண்டு சுற்றிச் சுற்றி வந்தார்.

ஹபீபுர் ரஹ்மானுக்கு அன்று விடுமுறை. ஜன்னலோரம் பேப்பரை முகத்துக்கு நேராகப் பிடித்திருந்தார். அதன் பக்கம் புரளவே இல்லை.

“தூக்கு. எறக்கு. இன்னொரு தபா தூக்கு” என்றார் அன்வரி.

“ஆம்ஹோலை மட்டும் ஏத்தினா பத்தாது” என்றது பேப்பர்.

இருவரும் திரும்பினார்கள்.

“பின்னாடி முதுகுல கொஞ்சம் துணி விடணும். கை மேல போனா அந்தத் துணி எங்கிருந்து வரும்? ஆகாசத்துலருந்தா?” அவர் எழுந்து வந்தார். சாக்கட்டியை எடுத்து மகளின் முதுகில் இரண்டு கோடு போட்டார். “தூக்கு.” சிம்ரா தூக்கினாள். அவர் ஊசியால் ஒரு மடிப்பைத் தளர்த்தினார். “இப்போ.”

கைகள் உச்சிக்குப் போயின. கோட்டின் கீழ் விளிம்பு இருந்த இடத்திலேயே இருந்தது.

அவர் ஒரு சுற்று வந்து பார்த்தார். பிறகு, தையலைப் பார்க்கிற அதே குரலில், “அவ்ளோ மேல கை வெச்சிக்கினு இன்னாத்தைப் பாப்பே?” என்றார்.

சிம்ரா கையை இறக்காமலே சொன்னாள். கப்பி, கயிறு, கதவைத் திறக்கும் மோட்டார்.

“கயிறு அறுந்துச்சுன்னா?”

“விழாது அப்பா. ரெண்டு பக்கமும் தண்டவாளம் இருக்கும். வேகம் தப்பினா பல்லு மாதிரி ஒண்ணு கவ்விப் புடிச்சிக்கும்.”

“எங்க கடை லிப்ட்டுலயும் கீதா அது?”

“எல்லாத்துலயும் இருக்கும்.”

“கணேசமூர்த்தி இத்தினி வருசமா சொல்லவே இல்லியே!” என்றார் அவர், ஏமாற்றப்பட்டவர் போல. மறுநாள் கடையில் அந்தப் பல்லைப் பற்றி வந்தவர் போனவருக்கெல்லாம் அவர் விளக்கியதாகக் கணேசமூர்த்தி பிறகு சொன்னார்.

லிப்ட் கம்பெனியின் எழுத்துத் தேர்வில் சிம்ரா தேறினாள். மிச்சம் ஒன்பது பேர், எடுக்கப்போவது இரண்டு. ஈக்காட்டுத்தாங்கலுக்கு வரச் சொன்ன காலையில் ஹபீபுர் ரஹ்மான் ஈரத்துணி விரித்துக் கோட்டுக்குக் கடைசி இஸ்திரி போட்டார். காலரை அழுத்தாமல், ஆவியை மட்டும் காட்டி, விரலால் உருட்டிவிட்டார். வேலை கிடைக்காவிட்டால் என்ன ஆகும் என்பது மூன்று பேருக்கும் தெரியும். இஸ்திரி முடித்துவிட்டு அவர் ஆட்டோ பார்க்கக் கீழே போனார்.

அன்வரி கோட்டை வாங்கி வெளிச்சத்தில் திருப்பினார். ஒரு வெள்ளை நூல் மிச்சமிருந்தது, உருவினார். பக்கத்துப் பாக்கெட்டுகள் இரண்டும் தையல் போட்டு மூடியே இருந்தன. புதுக் கோட்டுக்கு அப்படித்தான், தொங்கிப்போகாமல் இருக்க.

“பாக்கெட்டை மூடியே விடட்டுமா? வடிவு கெடாது.”

“தொறந்துடு அம்மி. கரண்டு பாக்கிற டெஸ்டர் வெக்கணும்.”

அன்வரி கத்தரி முனையால் வலப் பாக்கெட்டின் நூலை அறுத்து, இழுத்து எடுத்தார். உள்ளே விரலை விட்டு அடித்துணி சரியாக இருக்கிறதா என்று பார்த்தார். இடது பக்கத்தையும் திறந்தார். பிறகு தோள் இரண்டையும் பிடித்து ஒரு முறை உதறி, கோட்டை மகளின் கையில் கொடுத்தார்.